லெப்ரோமா ஒரு கட்டியா? செங்கல்பட்டுத் தொழுநோய் ஆய்வும் கட்டி வகைப்பாட்டின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

1860களில் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்ஹோ வகுத்த கட்டிகளின் பட்டியலில் தொழுநோயாளரின் தோலில் எழும் முடிச்சும் ஒரு கட்டியாகவே இடம்பெற்றிருந்தது. அடுத்த நூறாண்டுகளில் அம்முடிச்சு கட்டிகளின் கூட்டத்திலிருந்து நீங்கித் தனக்கென ஒரு வகைப்பாட்டைப் பெற்றது. அம்மாற்றத்தின் ஒரு பகுதி செங்கல்பட்டை அடுத்த திருமணியில் நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் கொண்டு வகுப்பதா, நுண்ணோக்கியின் கீழ்த் தெரியும் அணுவைக் கொண்டு வகுப்பதா என்னும் வினா அங்கே ஏட்டளவில் நிற்கவில்லை. யாரைத் தனிமைப்படுத்துவது, யாருக்கு எத்தனை ஆண்டு மருந்து தருவது, யாருடைய காலை வெட்டுவது என்பனவெல்லாம் அதற்குக் கிடைத்த விடையைப் பொறுத்திருந்தன. இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கட்டி நோயியலின் அடிப்படைகளோடு இணைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டி, கிரானுலோமா, லெப்ரோமா, வகைப்பாடு, திருமணி, செங்கல்பட்டு, திசுநோயியல்

கட்டி என்னும் சொல்

தமிழில் உடலின் வீக்கங்களுக்குப் பெயர்கள் பல. கட்டி, கழலை, கொப்புளம், பிளவை, கண்டமாலை, அரையாப்பு, புற்று எனச் சித்த மருத்துவ நூல்களும் மக்கள் வழக்கும் இவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. இப்பிரிவுகளின் அடிப்படை பெரும்பாலும் உருவமும் இடமும் ஆகும். தோலுக்கடியில் வலியின்றி உருண்டு நகர்வது கழலை. கழுத்தில் மாலைபோல் வரிசையாகத் தோன்றுவது கண்டமாலை. கரையான் மண்ணைக் குவிப்பதுபோல் குவிந்து வெடித்து வளர்வது புற்று. கிரேக்க மருத்துவர்கள் அதே நோயில் நண்டின் கால்களைக் கண்டனர். தமிழர் கரையான் புற்றைக் கண்டனர். இரண்டும் கண் பார்த்துச் சொன்ன பெயர்களே. தொழுநோயையும் பழைய மருத்துவம் இவ்வாறே நோக்கியது. குட்டம் பதினெட்டு என்னும் கணக்கு ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் உண்டு. நிறம், தடிப்பு, நீர்க்கசிவு, அரிப்பு முதலியவற்றைக் கொண்டு அவை பிரிக்கப்பட்டன. இன்று தொழுநோய் எனப்படுவது அப்பதினெட்டில் ஏதேனும் ஒன்றோடு மட்டும் பொருந்துவதன்று; வேறு பல தோல்நோய்களும் அப்பட்டியலில் கலந்துள்ளன.

ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தது. இலத்தீனில் கட்டியைக் குறிக்கும் ‘டியூமர்’ என்னும் சொல்லுக்கு வீக்கம் என்பதே நேர்ப்பொருள். இரத்தம் தேங்கிய வீக்கமும் சீழ்க்கட்டியும் நீர்ப்பையும் புற்றும் அச்சொல்லுக்குள் அடங்கின. ‘-ஓமா’ என்னும் ஈறு இந்தக் குழப்பத்தின் எச்சமாக இன்றும் வழங்குகிறது. லிப்போமா கொழுப்புத் திசுவின் தீங்கற்ற கட்டி. கார்சினோமா புறத்திசுவில் தோன்றும் புற்று. சார்கோமா இணைப்புத் திசுவில் தோன்றும் புற்று. லிம்ஃபோமாவும் மெலனோமாவும் பெயரளவில் தீங்கற்றவை போல் ஒலித்தாலும் உயிர்க்கொல்லிகள். ஹெமட்டோமாவோ வெறும் இரத்தத் தேக்கம். டியூபர்குலோமாவும் லெப்ரோமாவும் கிருமியால் விளைந்த அழற்சித் திரள்கள். ஒரே ஈறு இவையனைத்தையும் உடன்பிறந்தவைபோல் காட்டிவிடுகிறது.

இன்றைய நோயியல் உண்மைக் கட்டியைப் பிரித்தறிய இரண்டு கேள்விகளை முதலில் எழுப்புகிறது. எத்திசுவிலிருந்து அது தோன்றியது என்பது ஒன்று. அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது மற்றொன்று. தோன்றிய இடத்திலேயே உறையிட்டதுபோல் நின்று பக்கத்துத் திசுக்களை ஒதுக்கித் தள்ளுவது தீங்கற்றது. பக்கத்துத் திசுக்களைத் துளைத்துச் சென்று, நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் தொலைவிலுள்ள உறுப்புகளில் குடியேறுவது புற்று. அணுக்கள் தம் தாய்த்திசுவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் கொண்டு தரமும், நோய் எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்பதைக் கொண்டு நிலையும் கணிக்கப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு நுழைவாயில் தேர்வும் உண்டு. தூண்டுதல் நீங்கிய பின்னும் வளர்ச்சி தொடர்கிறதா என்பதே அது. நோயியலாளர் ரூப்பர்ட் வில்லிஸ் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிக்கு அளித்த வரையறையின் மையமும் இதுவே. காயத்தின் விளைவாகத் தடித்த தோல் காயம் ஆறினால் அடங்கும், கட்டி அடங்காது.

ஃபிர்ஹோவின் பட்டியல்

ஃபிர்ஹோ 1858இல் வெளியிட்ட அணுநோயியல் நூல், நோய் என்பது உடலின் அணுக்களில் நிகழ்வது என்னும் கொள்கையை நிலைநாட்டியது. 1862-63 குளிர்காலத்தில் பெர்லினில் அவர் கட்டிகளைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1863 முதல் 1867 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறின. கட்டிகளை முறையாக வகுக்க முயன்ற பெருநூல்களுள் அது முதன்மையானது. இரத்தமோ நீரோ தேங்கியதால் உண்டான வீக்கங்களை அவர் ஒருபுறம் ஒதுக்கினார். திசு பெருகுவதால் உண்டானவற்றை ஒரே திசுவால் ஆனவை, உறுப்பைப்போல் அமைந்தவை, பல உறுப்புகளின் கலவையாக அமைந்தவை எனப் பிரித்தார். அவற்றோடு ஆறும் புண்ணில் தோன்றும் மணிமணியான சதையை ஒத்த கட்டிகள் என்று மேலும் ஒரு வகுப்பை வைத்தார். மேகநோய் முடிச்சு, தோல் காசநோய் முதலியவற்றோடு தொழுநோய் முடிச்சும் அவ்வகுப்பில் சேர்ந்தது. கிரானுலோமா என்னும் சொல் அவ்வகுப்பிலிருந்து வந்ததே.

ஃபிர்ஹோ தொழுநோயை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். 1859இல் நார்வே அரசின் அழைப்பின்பேரில் அங்குச் சென்று பெர்கன் நகரத் தொழுநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். அங்கே டானியல்சென், போக் என்னும் இருவர் 1847இலேயே இந்நோயை முடிச்சு வகை, உணர்விழப்பு வகை என இரண்டாகப் பிரித்திருந்தனர். முடிச்சுகளை அறுத்து ஆராய்ந்த ஃபிர்ஹோ அவற்றுள் நுரைபோன்ற உள்ளீடு கொண்ட பெரிய அணுக்களைக் கண்டு விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அந்நுரையைக் காரணமாக அன்றி விளைவாகவே அவரால் காண முடிந்தது. 1873இல் அதே பெர்கனில் ஆர்மவர் ஹான்சன் முடிச்சுகளிலிருந்து எடுத்த பொருளில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்டார். 1879இல் நைசர் அவற்றுக்குச் சாயமேற்றிக் காட்டினார். ஃபிர்ஹோ கண்ட நுரையணுக்கள் அக்கிருமிகளை விழுங்கிச் செரிக்க இயலாமல் நிற்கும் பாதுகாப்பு அணுக்களே என்பது பின்னரே தெளிவாயிற்று.

இங்கு ஒன்றைக் குறிப்பிடலாம். கார்சினோமாக்கள் இணைப்புத் திசுவிலிருந்து எழுவதாக ஃபிர்ஹோ கருதினார். தியர்ஷும் வால்டயரும் அவை புறத்திசுவிலிருந்தே எழுகின்றன என்று அதே 1860களில் காட்டினர். ஆகவே அவருடைய பட்டியல் வெளிவந்த காலத்திலேயே இரண்டு பக்கமும் உடையத் தொடங்கியிருந்தது. எனினும் கிருமியால் வரும் திரளையும் தானே வளரும் கட்டியையும் அவர் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்தது வீண்போகவில்லை. ஒரு திரளைக் கண்டதும் இது வளர்ச்சியா, எதிர்வினையா என்று கேட்கும் பழக்கம் அவ்வரிசையால் வலுப்பெற்றது.

சட்டம் வகுத்த நோய்

நோயியல் அணுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது பிரித்தானிய இந்தியாவின் சட்டம் தோலின் மேற்பரப்பிலேயே நின்றது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், எவ்வகைத் தொழுநோயாயினும் புண் உண்டாகத் தொடங்கியவரையே தொழுநோயாளர் என வரையறுத்தது. அத்தகையவர் வறியவராகவும் பொது இடத்தில் பிச்சை கேட்பவராகவும் இருந்தால் காவலர் பிடியாணையின்றியே பிடித்துத் தொழுநோயர் இல்லத்துக்கு அனுப்ப வழி இருந்தது. உணவுப் பண்டம் செய்தல், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் குளித்தல் முதலியவற்றை அறிவிக்கை வாயிலாகத் தடை செய்யவும் அச்சட்டம் இடமளித்தது.

இவ்வரையறையை நோயியலோடு ஒப்பிட்டால் அது தலைகீழாக இருப்பது விளங்கும். பாதப்புண் பெரும்பாலும் நரம்பு செயலிழந்து உணர்ச்சியற்ற காலில் நடையால் உண்டாவது. அத்தகையோருள் பலரிடம் கிருமிகள் அரிதாகவே இருக்கும். அவர்களால் பிறருக்கு நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. காதுமடலும் முகமும் தடித்து, புண் ஏதுமின்றி, மூக்கடைப்போடு மட்டும் நடமாடும் முடிச்சு வகை நோயாளியே கிருமிகளைப் பெருமளவில் வெளியிடுபவர். ஒரு கிராம் லெப்ரோமாத் திசுவில் கிருமிகளின் எண்ணிக்கை நூறு கோடியை எட்டக்கூடும். ஆனால் புண் இல்லாதவரை அவர் சட்டத்தின் கண்ணில் தொழுநோயாளர் அல்லர். உருவத்தைக் கொண்டு வகுத்ததால் நேர்ந்த தீங்குக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

திருமணி

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மேற்கே உள்நாட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றுக்கு வடக்கே செங்கல்பட்டு நகரம் அமைந்துள்ளது. அதை அடுத்த திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயர் இல்லம் எழுந்தது. 1955இல் மைய அரசு அதை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களை உள்ளடக்கிய பரந்த நிலப்பகுதி. அம்மாவட்டத்தில் தொழுநோய் மிகுந்திருந்தமையால் நோயாளியைத் தேடி ஆய்வாளர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை.

1930களின் நடுப்பகுதியில் இவ்வில்லத்தின் தலைமை மருத்துவராக வந்தவர் ராபர்ட் காக்ரேன். பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராகவும் விளங்கினார். நோயாளியைக் கண்டறியும் மருத்துவர் தோல்துண்டை நுண்ணோக்கியில் பார்க்கவும் கற்றிருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர். 1947இல் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்று, மடங்கிய விரல்களோடு வாழ்ந்த நோயாளிகளைக் காட்டினார். உலகில் இத்தனை கைகள் இந்நோயால் கெட்டிருக்க, எலும்பு மருத்துவர் ஒருவரும் இதை ஏன் ஆராயவில்லை என்று அவர் வினவியதாகப் பிராண்டின் வரலாறு கூறுகிறது. விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கையில் படும் தீயும் அழுத்தமும் தொற்றுமே அவற்றைக் குறைக்கின்றன என்று பிராண்ட் பின்னர் வேலூரில் நிறுவியதற்கு அந்த ஒருநாள் பயணமே தொடக்கம். புண்ணை நோயின் வகையாகக் கொண்ட பழைய கருத்து அங்கே ஆட்டங்கண்டது.

வில்லிஸ் கூறிய நுழைவாயில் தேர்வும் திருமணியில் நடந்தது. ஆனால் எவரும் அதை அவ்வாறு பெயரிட்டு நடத்தவில்லை. நெடுங்காலம் நீரடிமுத்து எண்ணெய் ஊசியே தொழுநோய்க்கு மருந்தாக இருந்தது. 1940களில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் மருந்துகள் பயன் தருவதாகத் தெரிந்தபின், காக்ரேனும் அவருடன் பணியாற்றிய ராமானுஜம் முதலியோரும் அவற்றைச் செங்கல்பட்டில் ஆராய்ந்தனர். அவற்றுள் மிக எளியதும் மலிவானதுமான டாப்சோனை அவர்கள் ஊசிவழியாகச் செலுத்திப் பார்த்தனர். இரண்டரை ஆண்டு ஆய்வின் முடிவுகள் 1949இல் வெளிவந்தன. மருந்து கிருமியைத் தாக்கியபோது முடிச்சுகள் மெல்லத் தட்டையாயின, புதியவை எழவில்லை. தூண்டுதல் குறைந்ததும் வளர்ச்சி அடங்கியது. ஃபிர்ஹோவின் பட்டியலில் கட்டியாக நின்ற லெப்ரோமா, கட்டியின் அடிப்படைப் பண்பில் தேறவில்லை. நுண்ணோக்கி முன்பே சொன்னதை மருந்து உறுதிப்படுத்தியது.

இரு துருவங்களும் இடைநிலமும்

லெப்ரோமா கட்டியன்று என்று ஆனபின், அதை எவ்வாறு வகுப்பது என்னும் வினா எழுந்தது. 1931இல் மணிலாவில் கூடிய வல்லுநர்கள் தோல்வகை, நரம்புவகை என்று பிரித்தனர். 1938 கெய்ரோ மாநாட்டில் தோல்வகைக்கு லெப்ரோமேட்டஸ் என்னும் பெயர் வந்தது. 1953இல் மாட்ரிட் மாநாடு இரண்டு வகைகளையும் இரண்டு குழுக்களையும் ஏற்றது. லெப்ரோமேட்டஸும் டியூபர்குலாய்டும் எதிரெதிர்த் துருவங்களாக நின்றன. இன்னும் உறுதிபெறாத தொடக்கநிலையும், இரண்டுக்கும் இடைப்பட்டதும் குழுக்களாயின.

இத்துருவங்களின் வேறுபாடு திசுவில் தெளிவாகத் தெரியும். டியூபர்குலாய்டு வகையில் பாதுகாப்பு அணுக்கள் நெருங்கித் திரண்டு, நிணவணுக்களின் வளையம் சூழ, காசநோய் முடிச்சைப்போல் அமைகின்றன. கிருமி அரிது, ஆனால் அத்தாக்குதலில் நரம்பும் சேர்ந்து அழிகிறது. லெப்ரோமேட்டஸ் வகையில் நுரையணுக்கள் கிருமிகளால் நிறைந்து பரவிக் கிடக்கின்றன. மேல்தோலுக்கும் அத்திரளுக்கும் இடையே ஒரு வெற்றுப்பட்டை எஞ்சுகிறது. முன்னதில் உடல் எதிர்க்கிறது; பின்னதில் எதிர்க்கவில்லை. கட்டி வகைப்பாட்டில் தாய்த்திசு வகிக்கும் இடத்தை இங்கே உடலின் எதிர்ப்பாற்றல் வகிக்கிறது.

இந்தியாவின் பங்கு பெரும்பாலும் இடைநிலத்தைப் பற்றியதே. பம்பாயின் டாடா நினைவு மருத்துவமனையிலும் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றிய வசந்த் ராம்ஜி கானோல்கர் இந்நாட்டின் கட்டி நோயியலுக்கு அடித்தளமிட்டவர். அவரே தொழுநோயின் தொடக்கத் திசு மாற்றங்களையும் ஆராய்ந்தார் என்பது எண்ணத்தக்கது. கானோல்கரும் காக்ரேனும் இணைந்து, ஒரே தேமலில் இரு துருவங்களின் இயல்பும் காணப்படும் நிலையை இருவடிவத் தொழுநோய் என்னும் பெயரால் விவரித்தனர். புற்றுநோய் மையத்தில் 1958இல் ஒரு லெப்ரோமாவிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி பின்னர்த் தடுப்பூசியாக்கப்பட்டது. தென்னிந்தியாவில் 1,71,400 பேரிடம் நடந்த ஒப்பாய்வில் அது 65.5 விழுக்காடு பாதுகாப்பு அளித்ததாக 1998இல் அறிவிக்கப்பட்டது. தொழுநோய்த் தடுப்பூசி ஒன்று புற்றுநோய் ஆய்வகத்தில் பிறந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் திசுத்துண்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரு நோய்களையும் ஒரே மேசையில் வைத்தே பார்த்தனர்.

திருமணி நிலையத்தின் முதல் இயக்குநரான தர்மேந்திரா இந்தியருக்கெனத் தனி வகைப்பாட்டை வலியுறுத்தியவர். 1955இல் ஏற்கப்பட்ட இந்திய வகைப்பாடு லெப்ரோமேட்டஸ், டியூபர்குலாய்டு, இடைநிலை, உறுதிபெறாதது ஆகியவற்றோடு, தட்டையான உணர்விழந்த தேமல் வகையையும் நரம்பை மட்டும் தாக்கும் வகையையும் தனியே வைத்தது. மாட்ரிட் பட்டியலில் இவ்விரண்டுக்கும் தனி இடம் இல்லை. தோலில் ஒன்றும் தெரியாமல் நரம்பு மட்டும் தடிக்கும் நோயாளர் இந்தியாவில் கணிசமாக இருந்தனர். தோல் மாற்றத்தை மட்டும் நோக்கும் வகைப்பாட்டில் அவர்கள் விடுபட்டுப் போயிருப்பர். 1980களின் தொடக்கத்தில் இந்தியத் தொழுநோயியலார் சங்கம் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது தேமல் வகை கைவிடப்பட்டது. நரம்பு வகை மட்டும் நிலைத்தது.

ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இல் வெளியிட்ட ஐந்து குழு முறை இரு துருவங்களுக்கிடையே மூன்று படிகளை அமைத்து, முழு நோயையும் ஒரு தொடராக்கியது. ஆய்வுலகில் அது இன்றும் நிலைத்துள்ளது. கட்டி வகைப்பாட்டிலிருந்து அது அடிப்படையில் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. கார்சினோமா பொதுவாகச் சார்கோமாவாக மாறுவதில்லை, தாய்த்திசு மாறாதது. இடைநிலைத் தொழுநோயாளரோ மருந்து பெறாவிடில் ஒரு துருவத்தை நோக்கிச் சரியலாம், எதிர்ப்பாற்றல் எழும்பினால் மறுதுருவத்தை நோக்கி ஏறலாம். ஆகவே அங்கு வகை என்பது நோயாளிக்கு அன்றைய நாளில் இடப்பட்ட பெயர். இதை மறந்து, முதல் நாளில் எழுதிய எழுத்தையே அட்டையில் ஆண்டுக்கணக்காகச் சுமந்த நோயாளிகளுக்குப் பொருந்தாத மருந்துக்காலம் வாய்க்கக்கூடும்.

வகைப்பாடு குடும்பத்தையும் தொட்டது. 1960களில் செங்கல்பட்டுப் பகுதியில் தர்மேந்திராவும் நூர்தீன், ராமானுஜம் ஆகியோரும் தொழுநோயாளரோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தைகளுக்கு டாப்சோனை முன்தடுப்பாகக் கொடுத்து ஆராய்ந்தனர். கிருமி மிகுந்த வகையினர் வாழும் வீடு எது என்பதே அத்தகைய ஆய்வுக்கு முதல் வினா. அதற்கு விடை காதுமடலில் சிறு கீறலிட்டு எடுத்த திசுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பதிலிருந்து வந்தது.

கட்டியைப் போன்றவையும் கட்டியாகவே ஆனவையும்

பட்டியலிலிருந்து விலக்கப்பட்டபின்னும் தொழுநோய் கட்டியின் உருவில் மருத்துவரை ஏமாற்றுவதை நிறுத்தவில்லை. அதில் மூன்று சூழல்கள் கருதத்தக்கன.

முதலாவது நரம்பு வீக்கம். நரம்பு மட்டும் தாக்கப்பட்ட நோயாளியின் முழங்கையருகே நரம்பில் ஒரு முடிச்சு எழும். உள்ளே திசு அழிந்து கூழாகியிருக்கும். தோலில் தேமல் இல்லாதபோது அது நரம்பின் தீங்கற்ற கட்டி என்று கருதப்பட்டு அறுவைக்கு உட்படுவதுண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உடலெங்கும் நரம்புநார்க் கட்டிகள் எழும் மரபுநோய் உடையவரைத் தொழுநோயாளர் என்று ஊர் ஒதுக்கும். அத்தகையவரின் முடிச்சில் கிருமி இராது, உணர்ச்சியும் போகாது. ஒரு திசுத்துண்டு அவருடைய இழுக்கைப் போக்கப் போதுமானது. ஆனால் அத்துண்டை எடுக்க அவர் முதலில் தொழுநோய் மருத்துவமனையின் வாயிலுக்கு வர வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஹிஸ்டாய்டு வகை. பிலிப்பைன்சின் குலியான் தீவில் பணியாற்றிய வேட் 1960களின் தொடக்கத்தில் இதை விவரித்தார். சல்போன் மருந்தால் தணிந்து மீண்டும் நோய் தலைதூக்கிய லெப்ரோமேட்டஸ் நோயாளிகளிடம், சுற்றிலும் இயல்பான தோல் இருக்க, உறுதியான பளபளப்பான முடிச்சுகள் திடீரென எழுந்தன. அறுத்துப் பார்த்தால் நுரையணுக்கள் மிகுதியாக இல்லை. கதிர்போல் நீண்ட அணுக்கள் சுழிசுழியாகப் பின்னி நின்றன. சுற்றியிருந்த திசு நெருக்குண்டு உறைபோல் தோன்றியது. தோலின் நார்க்கட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கட்டியே. ஃபிர்ஹோ ஒரே திசுவால் ஆன கட்டிகளுக்கு இட்ட பெயரும் இதனோடு ஏறத்தாழ ஒத்தொலிப்பது வியப்பே. கிருமிச்சாயம் ஏற்றினால்தான் அணுக்களின் நீளவாட்டில் வரிசையாக அடுக்கப்பட்ட எண்ணற்ற கிருமிகள் வெளிப்படும். ராமானுஜமும் ராமுவும் 1969இல் இவ்வகையைப் பற்றிய மருத்துவ ஆய்வொன்றை வெளியிட்டனர். டாப்சோனுக்கு அடங்காத கிருமிகளின் எழுச்சியோடு இவ்வகை தொடர்புடையதென்பது பின்னர் உணரப்பட்டது. முன்பு மருந்தே பெறாதவரிடமும் இது தோன்றுவதுண்டு. இதை நார்க்கட்டி என்று எழுதி அனுப்பும் நோயியலறிக்கை, பெரும் தொற்றுமூலம் ஒன்றை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

மூன்றாவதே மிகக் கடினமானது. உணர்ச்சியற்ற பாதத்தில் பத்து, இருபது ஆண்டுகளாக ஆறாத புண்ணின் விளிம்பில் பூக்கோசு போன்ற சதை வளர்ந்தால், அது புற்றா அல்லது வெறும் எதிர்வினையா? நாட்பட்ட புண்ணின் ஓரத்தில் மேல்தோல் கீழ்நோக்கி விரல்விரலாக வளர்ந்து கார்சினோமாவைப்போல் தோற்றமளிக்கும். ஆயினும் அது புற்றன்று. தூண்டும் புண் ஆறினால் அடங்கிவிடும். உண்மையான செதிள்புற்றும் அவ்விடத்திலேயே தோன்றும். வேலூர் வட்டாரத்தில் பணியாற்றிய நோயியலாளர் சி. கே. ஜாப் ரீடலுடன் இணைந்து 1964இல் தொழுநோயாளரின் பாதப்புண்ணில் எழுந்த செதிள்புற்றைப் பற்றி எழுதினார். இப்புற்று பெரும்பாலும் மெதுவாக வளர்வது. அணுக்கள் தாய்த்திசுவை மிகவும் ஒத்திருப்பதால் மேலோட்டமான துண்டு ஏமாற்றும். ஆழத்திலிருந்து, புண்ணுக்கும் நல்ல திசுவுக்கும் இடைப்பட்ட எல்லையிலிருந்து துண்டெடுத்தால்தான் அணுக்கள் எல்லையைத் துளைத்துச் சென்றுள்ளனவா என்று அறியலாம். புற்றெனில் முழங்காலுக்குக் கீழே காலை வெட்ட நேரிடலாம். வெட்டாவிடில் அடிவயிற்றருகே நிணமுடிச்சுக்குப் பரவலாம். புற்றல்லாததைப் புற்றென்று எழுதினால், மறுகாலும் உணர்ச்சியற்றிருக்கும் ஒருவர் ஒற்றைக் காலோடு வாழ வேண்டிவரும். எஞ்சிய காலின்மீது முழுப் பாரமும் விழ, அங்கே அடுத்த புண் தோன்றும். நோயியலாளர் தம் அறிக்கையில் எழுதும் ஒரு சொல்லின் எடை இவ்வளவு.

கண்ணுக்குத் திரும்புதல்

1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, வகைப்பாடும் எளிமையாக்கப்பட்டது. கிருமி குறைந்தவர், கிருமி மிகுந்தவர் என இரண்டே பிரிவுகள். முன்னவருக்கு ஆறு மாத மருந்து. பின்னவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், இயன்றால் தோல்நீரில் கிருமி மறையும்வரை. இப்பிரிவு தொடக்கத்தில் நுண்ணோக்கியையே சார்ந்திருந்தது. ரிட்லியின் அளவுகோலில் நூறு பார்வைப்பரப்புகளில் ஒன்று முதல் பத்துக் கிருமிகள் தென்பட்டால் ஒன்று. ஒரே பரப்பில் ஆயிரத்துக்கு மேல் எனில் ஆறு. ஆனால் ஊரகங்களில் தரமான சாயமும் பயிற்சி பெற்ற கண்ணும் எங்கும் கிடைக்கவில்லை. தவறாகப் படிக்கப்பட்ட கண்ணாடிச்சில்லு படிக்காததைவிடத் தீங்கானது. 1990களின் இறுதியில் தேமல்களின் எண்ணிக்கையே அளவாயிற்று. ஐந்து வரை கிருமி குறைந்த பிரிவு; ஐந்துக்கு மேல் கிருமி மிகுந்த பிரிவு. பின்னவருக்கான மருந்துக்காலமும் ஓராண்டாகக் குறைந்தது.

நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ணிலிருந்து நுண்ணோக்கிக்கு நகர்ந்த வகைப்பாடு இவ்வாறு மீண்டும் கண்ணுக்கே திரும்பியது. இதைப் பின்னடைவு என்று கண்டிக்கும் நோயியலாளர் உண்டு. அக்கண்டனம் பாதியளவே பொருந்தும். 1898ஆம் ஆண்டுச் சட்டம் கண்டது காரணத்தோடு தொடர்பற்ற புண்ணை. 1990களின் விதி எண்ணுவது, கிருமியின் அளவோடு பெரும்பாலும் இணைந்து செல்லும் தேமல்களை. அவ்விணைப்பை நிறுவியதே நுண்ணோக்கிதான். மருந்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்ததில் இவ்வெளிய விதியின் பங்கு சிறிதன்று.

விதி தடுமாறும் இடமும் அறியப்பட்டதே. உடலில் ஒரே ஒரு பளபளப்பான முடிச்சோடு வரும் ஹிஸ்டாய்டு நோயாளர் உண்டு. உணர்விழந்த தேமல் அவரிடம் இராது. எண்ணிப் பார்த்தால் ஒன்றே தேறும். எண்ணிக்கை விதியின்படி அவர் கிருமி குறைந்தவர். அறுவைக்கூடத்தின் முதல் ஐயப்படி அவருக்கு இருப்பது நார்க்கட்டி. தோல்நீரில் கிருமி தென்பட்டால் எண்ணிக்கை எதுவாயினும் கிருமி மிகுந்த பிரிவிலேயே சேர்க்க வேண்டும் என்று விதி தானே இடமளிக்கிறது. அதற்கு முடிச்சிலும் காதுமடலிலும் சிறு கீறல் ஒன்றிட்டு, சாயமேற்றி, சில நிமிடங்கள் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.